பச்சை-மஞ்சள் வயரை வெட்டாதேங்கோ



இந்தக் கிழமை மடலில் கோடும் இல்லை, ஏஐயும் இல்லை. தண்ணியும் உலோகமும் மட்டும்தான். பயப்படாதேங்கோ, கடைசியில் எல்லாம் எங்கட வேலைக்குத்தான் வந்து முடியும்.

பேர்லினில் வசந்தம் வந்தால் இரண்டு விசயம் நடக்கும். ஒண்டு, நொய்கெல்ன் கப்பல் கால்வாய்க் கரையில் இருக்க இடம் கிடைக்காது. மற்றது, பழைய போட் விளம்பரங்கள் பெருகும். எங்கட வயதுக்காரர் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு சின்ன ஜெட் போட் வாங்குறது இப்ப புதினம் இல்லை. ஒருத்தர் சோவ்ற்வெயர், ஒருத்தர் தாதி, ஒருத்தர் பாங்க், ஒருத்தரிட்ட லைசென்ஸ். ஜேர்மனியில் 15 குதிரைவலுவுக்கு மேல போனால் பெரும்பாலும் போட் லைசென்ஸ் வேணும், ஜெட் எல்லாம் அதுக்கு மேலதான்.

அந்த விளம்பரங்களில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: "நன்னீரில் மட்டுமே ஓடியது." வாசிக்கிற எங்களுக்கு அது "கறள் இல்லை" எண்டு கேட்கும். என்ர கருத்து, அந்த வரியில் அப்பிடி ஒரு உத்தரவாதமும் இல்லை. அதைவிட முக்கியமான இன்னொன்று: நன்னீரில் அரிப்பை நிறுத்த என்று சிலர் சொல்லிக்குடுக்கிற ஒரு மலிவு வழி ஆளைக் கொல்லக்கூடியது. அந்த வழியைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல். ஆனால் ஏன் ஒருத்தர் அதைச் செய்ய நினைக்கிறார் என்று விளங்கவேணும் என்றால், முதலில் மெஷினைப் பார்க்கவேணும்.

மெஷின்

சாதாரண போட்டில் புரொப்பெல்லர் வெளியில் தொங்கும். ஜெட்டில் அப்பிடி இல்லை. போட்டின் அடியில் ஒரு வாய் இருக்கும். அதால தண்ணியை உறிஞ்சி, உள்ளே சுழலுற இம்பெல்லர் அமுக்கி, பின்பக்கத்தால் வேகமாகப் பீச்சி அடிக்கும். அந்தப் பீச்சுதான் போட்டை முன்னுக்குத் தள்ளும். 1950களில் நியூசிலாந்தில் பில் ஹமில்டன் இதை உருப்படியாகச் செய்துகாட்டினார். அங்கத்தே ஆறுகள் ஆழம் குறைஞ்சவை, கல் நிறைஞ்சவை. வெளியில் தொங்குற எதுவும் அடிபட்டு உடையும்.

1977இல் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலரி மூன்று ஜெட் போட்டுகளோட வங்காள விரிகுடாவில் தொடங்கி கங்கையில் மேலே மேலே ஏறினார். நந்தப்பிரயாகைக்குக் கிட்ட ஒரு நீர்வீழ்ச்சி மறிக்கும்வரை போனார்கள். கடல் உப்பில் தொடங்கி, பனி உருகின தண்ணியில் முடிஞ்ச பயணம் அது. ஒரே மெஷின், இரண்டு வேறு வேறு தண்ணி. இந்த வித்தியாசத்தை மனசில வச்சுக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

இந்த ஜெட்டின் வெளிக்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவை. பாரம் குறைவு, வார்க்கச் சுகம். உள்ளே இருக்கிற தண்டும் இம்பெல்லரும் பெரும்பாலும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். கூட்டைப் பூட்டுற போல்டுகளும் அதே ஸ்டீல். அலுமினியமும் ஸ்டெய்ன்லெஸும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, இரண்டும் ஒரே தண்ணியில் நனைஞ்சுகொண்டு இருந்தால் அதுக்குப் பெயர் பற்றரி. பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் செம்பும் நாகமும் குத்தி பல்ப் எரிச்சுப் பார்த்தம் இல்லையோ, அதே கதை. பற்றரி ஓட ஓட ஒரு உலோகம் கரையும். இங்க கரையிறது அலுமினியம்.

இரும்பு மாதிரி அது சிவப்பாய்க் காட்டிக்கொடுக்காது. பெயின்டுக்குக் கீழ சின்னக் கொப்புளம் வரும். குத்திப் பார்த்தால் வெள்ளை மா மாதிரி ஒரு தூள் கொட்டும். தூளைத் துடைச்சால் கீழே ஊசியால் குத்தின மாதிரிக் குழி. மேலே பார்க்க ஒரு மில்லிமீற்றர் அகலம், உள்ளே எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குத் தெரியாது. போல்டுகளைச் சுத்தியும் தண்ணி தேங்கி நிற்கிற மூலைகளிலும்தான் இது முதலில் தொடங்கும்.

நன்னீர் எவ்வளவு நல்ல நீர்?

உண்மையைச் சொல்லவேணும்: நன்னீர் கடல்நீரைவிடச் சாதுதான். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துற அளவு ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமன்ஸ். ஆற்றுத்தண்ணியில் அது நூற்றுக்கணக்கில்தான் இருக்கும். பற்றரியின் திரவம் பலவீனம் என்றால் பற்றரியும் பலவீனம். அதனால் நன்னீரில் அரிப்பு மெதுவாக நடக்கும். ஆனால் மெதுவாக நடக்கிறதும் நடக்காமல் இருக்கிறதும் ஒன்றில்லை.

மற்றது, பேர்லின் தண்ணி ஒரு மலை ஓடை இல்லை. ஸ்ப்ரே ஆறு லவுசிட்ஸ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளைத் தாண்டித்தான் இங்க வருது. சுரங்கம் தோண்டி மண்ணில் காற்றுப் பட்ட கந்தகக் கனிமங்கள் சல்பேற்றும் இரும்புமாய் ஆற்றில் இறங்குது. குடிநீரில் சல்பேற்றுக்கு வரம்பு லீற்றருக்கு 250 மில்லிகிராம். ஃப்ரீட்ரிக்ஸ்ஹாகன் நீர்நிலையத்துக்கு இந்தச் சல்பேற் பல வருசமாய்த் தலையிடி. உப்பு கூடக்கூடத் தண்ணி மின்சாரத்தைக் கூடுதலாய்க் கடத்தும். குளிர்காலத்தில் பெரிய ரோட்டுகளில் போடுற உப்பும் கழுவுப்பட்டு ஏதோ ஒரு நீர்நிலைக்குத்தான் போகுது. அலுமினியத்தில் குழி விழுத்துறதில் அந்தக் குளோரைட்டுக்குத்தான் பெரிய கை. ஆக "நன்னீர்" என்பது ஒரு இரசாயன அளவு இல்லை. அது ஒரு நம்பிக்கை.

பலி போற துண்டு

அலுமினியத்தைக் காப்பாற்றுற வழி பழையது. அதைவிட இலகுவாய்க் கரையிற ஒரு உலோகத் துண்டைப் பக்கத்தில் பூட்டிவிடுறது. பற்றரி அந்தத் துண்டைத் தின்னும், ஜெட் தப்பும். இங்க இதுக்கு ஓப்ஃபர்அனோடெ என்று பெயர், பலி அனோட். 1824இல் ஹம்ஃப்ரி டேவி இங்கிலாந்துக் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டுக்கு இதைச் செய்துகாட்டினார். நாகமோ இரும்போ ஒரு சின்னத் துண்டு பூட்டினார், செம்பு கரையிறது நின்றது. ஆனால் கரையிற செம்புதான் அதுவரை பாசியையும் சிப்பியையும் கொன்றுகொண்டு இருந்தது. செம்பு தப்பியவுடன் கப்பலின் அடி முழுக்கச் சிப்பி பிடிச்சது, வேகம் விழுந்தது, கடற்படை அந்தத் துண்டுகளைக் கழட்டிப்போட்டது. ஒரு பக்கம் திருத்தினால் மற்றப் பக்கம் ஏதோ உடையும் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இங்கதான் கடலும் ஆறும் பிரியிற இடம். கடலில் நாக அனோட் நல்லா வேலை செய்யும். நன்னீரில் அதே நாகத்தின் மேல ஒரு தோல் படிஞ்சு, அனோட் நித்திரைக்குப் போயிடும். நன்னீருக்கு மக்னீசியம் வேணும். உப்பும் நன்னீரும் கலக்கிற கழிமுகத்துக்கு அலுமினிய அனோட். இதை மாறிப் போட்டாலும் பிழை: மக்னீசியத்தோட கடலுக்குப் போனால் அது கிழமைக்கணக்கில் கரைஞ்சு முடியும். அதோட, தள்ளு விசை அளவுக்கு மிஞ்சினால் அலுமினியத்தைச் சுத்திக் காரம் கூடி, பெயின்ட் உரிஞ்சு, காப்பாற்றப் போன உலோகமே அரிபடும். ஹிலரி போன மாதிரிக் கடலில் இருந்து ஆற்றுக்குப் போற ஒரு போட்டுக்கு ஒரே பதில் இல்லை.

போட் பார்க்கப் போகேக்க விக்கிறவர் பெருமையாய்ச் சொல்லுவார்: "அனோட் பாருங்கோ, மூன்று வருசமாய்ப் புதுசு மாதிரி இருக்கு." அதைக் கேட்டுச் சந்தோசப்படாதேங்கோ. கரையாத அனோட் வேலை செய்யாத அனோட். ஒன்றில் நன்னீரில் நாகம் போட்டிருக்கு, இல்லாட்டி அதுக்கு மேல பெயின்ட் அடிச்சிருக்கு, இல்லாட்டி பூட்டின இடத்தில் உலோகத்துக்கு உலோகம் தொடுப்பு இல்லை. மொனிட்டரிங் ஏஜென்ட் செத்துப்போய், டாஷ்போர்ட் நாள் முழுக்கப் பச்சையாய் நிற்கிற மாதிரி. அரைவாசி கரைஞ்ச அனோட்தான் நல்ல செய்தி. அப்பதான் மாத்தவும் வேணும்.

உங்களுக்குத் தெரியாமல் சேர்ந்த நெட்வேர்க்

சரி, மக்னீசியம் போட்டாச்சு. ஒரு கோடையிலேயே அது காணாமல் போகுது. அனோட் வாங்கி வாங்கிக் கை களைக்குது. என்ன நடக்குது?

போட்டைத் துறையில் கட்டிவிட்டு, பற்றரி சார்ஜ் பண்ணக் கரையில் இருந்து நீல பிளக்கில் மின்சாரம் எடுக்கிறோம். லாண்ட்ஷ்ட்ரோம் என்று இங்க சொல்லுறது. அந்தக் கேபிளுக்குள்ள மூன்று வயர். மூன்றாவது, பச்சை-மஞ்சள் வயர், பாதுகாப்பு எர்த். உங்கட போட்டின் உலோகத்தை அது கரையில் இருக்கிற எர்த்தோட இணைக்குது. பக்கத்து போட்டும் அதே எர்த்தில். அதுக்கு அடுத்ததும் அதே. கரையைத் தாங்குற இரும்புத் தகட்டுச் சுவரும் பல இடங்களில் அதே எர்த்தில்.

இப்ப யோசியுங்கோ. உங்கட அலுமினிய ஜெட், பக்கத்து ஆளின்ர பழைய இரும்பு வீட்டுப்படகு, கரைச் சுவர் எல்லாம் ஒரே வயரில் தொடுபட்டு, ஒரே தண்ணியில் நிற்குது. பத்து மீற்றர் நீளத்தில் ஒரு பற்றரி. அதில் இலகுவாய்க் கரையிறவர் நீங்கள்தான். உங்கட மக்னீசியம் உங்கட ஜெட்டை மட்டும் காப்பாற்றேல்லை, துறை முழுக்க ஓசியில் காப்பாற்றுது. அது முடிஞ்சதும் உங்கட ஜெட் அனோட் ஆகும்.

பிளக் குத்தினவுடன் நீங்கள் ஒரு நெட்வேர்க்கில் சேர்ந்திட்டீங்கள். ஒப்பந்தம் வாசிக்கேல்லை, ஃபயர்வோல் இல்லை.

மலிவு வழி

இந்த இடத்தில்தான் ஒரு கெட்டிக்காரர் வருவார். துறையில் எப்பவும் ஒருத்தர் இருப்பார். "தம்பி, அந்தப் பச்சை-மஞ்சள் வயரை வெட்டிவிடு, பிரச்சினை முடிஞ்சுது." அவர் பொய் சொல்லேல்லை. வெட்டினால் அந்தப் பெரிய பற்றரியின் சுற்று அறுந்துபோகும், அரிப்பு உண்மையாகவே குறையும். லைட் எரியும், சார்ஜர் ஓடும், எல்லாம் முந்தின மாதிரியே. செலவு ஒரு சதமும் இல்லை. அதனாலதான் இந்த ஆலோசனை சாகாமல் உலாவுது.

ஆனால் அந்த வயர் அங்க இருக்கிற காரணமே வேற. சார்ஜருக்குள்ள ஒரு வயர் தேய்ஞ்சு 230 வோல்ட் வெளிக்கூட்டைத் தொட்டுட்டுது என்று வைப்பம். எர்த் இருந்தால் மின்சாரம் அதால் ஓடி அந்தக் கணமே சுவிட்ச் விழும். உங்களுக்கு எரிச்சல் வரும், ஆனால் பிழை இருக்கு என்று தெரியும். எர்த் வெட்டியிருந்தால் ஒன்றும் நடக்காது. போட்டின் உலோகம் உயிரோட, சத்தம் இல்லாமல் காத்துக்கொண்டு இருக்கும். தண்ணிக்குள்ள இருக்கிற ஜெட்டைச் சுத்தி மின்புலம் பரவும்.

அந்தத் தண்ணியில் ஒரு பிள்ளை குதிச்சால்?

கடலில் என்றால் மனித உடம்பைவிடக் கடல்நீர் மின்சாரத்தை நல்லாக் கடத்தும். மின்சாரம் பெரும்பாலும் ஆளைச் சுத்திப் போயிடும். நன்னீரில் தலைகீழ். எங்கட உடம்புக்குள்ள உப்பு இருக்கு. ஆற்றுத்தண்ணியைவிட நாங்கள்தான் நல்ல கடத்தி. மின்சாரம் எங்களுக்கு ஊடாகப் போகும். பத்து, இருபது மில்லிஆம்பியர் காணும் தசை இறுகி, கை கால் அசைக்க ஏலாமல் போறதுக்கு. ஆள் கத்தவும் மாட்டார், நீந்தவும் மாட்டார். பார்க்கிறவருக்கு நீரில் மூழ்கின மாதிரித்தான் இருக்கும். காப்பாற்றக் குதிக்கிறவருக்கும் அதே கதி. 1999இல் அமெரிக்காவின் ஒரிகனில் ஒரு நன்னீர்ப் படகுத்துறையில் ஒரு சின்னப் பெடியன் இப்பிடித்தான் செத்தான். அவன் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தான். நீந்தத் தெரியாமல் போன உயிர் இல்லை அது.

ஒரே இயற்பியல், இரண்டு முகம். அரிப்பு விசயத்தில் நன்னீர் சாது, மின்கசிவு விசயத்தில் அதே நன்னீர் கடலைவிட மோசம். "நன்னீர்தானே" என்று அசட்டையாய் இருக்கிறவர் இரண்டாவதை மறந்திடுறார்.

எங்கட பாசையில் சொன்னால், எர்த் வயரை வெட்டுறது ஃபெயில் ஆகிற டெஸ்ட்டை டிலீட் பண்ணி பில்டைப் பச்சையாக்கிறது. அலாரம் நின்றுபோச்சு, நெருப்பு நிக்கேல்லை.

"எஃப்ஈ-ஷால்டர் இருக்கே"

நியாயமான மறுப்பு இது, நான் ஒதுக்கேல்லை. துறையில் இருக்கிற எஃப்ஈ-ஷால்டர் 30 மில்லிஆம்பியர் கசிஞ்சாலே விழவேணும். நல்ல நிலையில் இருந்தால் அது உயிர் காக்கும். ஆனால் அது ஒரு அடுக்கு மட்டும்தான். பழைய துறை, பல வருசம் டெஸ்ட் பட்டன் அமத்தாத சுவிட்ச், பின்வளவுக் கொட்டிலில் இருந்து இழுத்த நீட்டு வயர், இதில் எது உங்கட போட்டுக்கு மின்சாரம் தருது என்று உங்களுக்குத் தெரியுமோ? எர்த் இருந்தால் பிழை வந்த உடனே சுவிட்ச் விழும், அப்ப தண்ணியில் ஆள் இருக்கத் தேவையில்லை. எர்த் இல்லாட்டி, சுற்றைப் பூர்த்தி செய்து சுவிட்சை விழுத்துறது தண்ணிக்குள்ள இருக்கிற ஆளாயும் இருக்கலாம். இரண்டு அடுக்குப் பாதுகாப்பில் ஒன்றைக் கழட்டிவிட்டு மற்றதில் நம்பிக்கை வைக்கிறதை புரொடக்ஷனில் செய்வீங்களோ?

இன்னொரு விசயமும் இருக்கு. பேர்லின் நகருக்குள்ள ஸ்ப்ரேயில் நீந்துறது 1925 முதல் தடை. அந்தத் தடையை எடுக்கச் சொல்லி ஃப்லுஸ்பாட் பேர்லின் அமைப்பு பல வருசமாய்ப் பாடுபடுது. எனக்கும் அந்த ஆசை இருக்கு. ஆனால் தண்ணிக்குள்ள ஆள் கூடக்கூட, கரையில் கட்டின போட்டுகளின் வயர் தனிப்பட்ட விசயம் இல்லாமல் போகுது.

சரியான வழி

வெட்டாமல் அரிப்பை நிறுத்த வழி இருக்கு. முதல் வழி இலவசம்: பிளக்கைக் கழட்டுங்கோ. சார்ஜ் முடிஞ்சதும் கழட்டிவிட்டால் நெட்வேர்க்கில் இருந்து வெளியில். சின்ன போட்டுக்கு ஒரு சோலார் பனல் போட்டால் கோடையில் பிளக்கே தேவைப்படாமல் போகலாம்.

இரண்டாவது, கல்வானிக் ஐசோலேற்றர். எர்த் வயரில் இடையில் பூட்டுற ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு திசைக்கும் சோடி சோடியாய் டையோட்கள். ஏறத்தாழ 1.2 வோல்ட்டுக்குக் கீழ் இருக்கிற நேர்மின்சாரத்தை அது விடாது. உலோகங்களுக்கு இடையில் வாற அரிப்பு வோல்ட்டேஜ் அதுக்குக் கீழதான். ஆனால் 230 வோல்ட் பிழை வந்தால் கதவைத் திறந்து முழுசாய் எர்த்துக்கு விடும். ஒரு நல்ல ஃபயர்வோல் விதி: அற்பத்தை மறி, அபாயத்தை வெளியேற விடு. விலை சில நூறு யூரோவுக்குள் முடியும். ஜெட் யூனிட் மாத்துறது என்றால் ஆயிரக்கணக்கில். வயரிங்கை மட்டும் தகுதியான மின்தொழிலாளி செய்யட்டும், யூரியூப் பார்த்து நீங்கள் செய்யாதேங்கோ. இன்னும் நல்ல வழி ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபோமர், ஆனால் அது பாரம், விலையும் கூட.

மூன்றாவது, போட்டுக்குள்ள இருக்கிற 12 வோல்ட் வயரிங். அடியில் தேங்குற தண்ணிக்குள்ள ஒரு பம்ப் வயர் உரிஞ்சு கிடந்தால், பற்றரியின் முழு வோல்ட்டேஜும் அரிப்புக்கு வேலை செய்யும். வருசக்கணக்கில் நடக்கவேண்டியது நாள்கணக்கில் நடக்கும். ஒரே கோடையில் திடீரென்று குழி விழுந்திருந்தால் முதலில் இதைத் தேடுங்கோ.

நாலாவது, பெயின்ட். அலுமினியத்தில் செம்பு கலந்த பாசிதடுப்புப் பெயின்ட் ஒருநாளும் வேண்டாம். அது நீங்களே காசு குடுத்து இன்னொரு பற்றரி பூசுறது. ஸ்டெய்ன்லெஸ் போல்டுகளை மாட்டேக்க இடையில் காப்புப் பசை பூசுங்கோ, முடிஞ்ச இடத்தில் நைலோன் வளையம் போடுங்கோ.

குழி விழுந்த பிறகு

விழுந்தால் எல்லாம் முடிஞ்சுது என்றில்லை. போட்டை வெளியில் எடுத்து, கொப்புளம் வந்த பெயின்டை நல்ல உலோகம் தெரியும்வரை சுரண்டவேணும். சாதாரண இரும்புப் பிரஷ் பாவிக்காதேங்கோ. அதின்ர துகள்கள் அலுமினியத்தில் குத்துப்பட்டு, ஒவ்வொரு துகளும் ஒரு புதுக் குழியைத் தொடக்கும். நைலோன் தேய்ப்பான், மணல் கடதாசி, இல்லாட்டி கண்ணாடி மணி வீச்சு. குழிக்குள்ள இருக்கிற வெள்ளைத் தூள் முழுக்கப் போகவேணும். நன்னீரால் கழுவி, முழுசாய்க் காயவிட்டு, குழியின் ஆழத்தை அளவுங்கோ.

மேலோட்டமான குழி என்றால் அலுமினியத் தூள் கலந்த எப்பொக்சியால் நிரப்பலாம். அதுக்கு மேல இரண்டு பகுதி எப்பொக்சி பிரைமர், பிறகு மேல் பூச்சு. தேய்ச்ச அலுமினியம் காற்றுப் பட்ட உடனேயே புதுத் தோல் கட்டத் தொடங்கும், அதனால் தேய்க்கிற நாளிலேயே பிரைமர் அடிக்கவேணும். ஆழமான குழி, அதுவும் தண்டைத் தாங்குற இடத்திலோ போட்டின் உடம்போடு பூட்டுற விளிம்பிலோ என்றால், அது வெல்டிங் தெரிஞ்சவரின் வேலை. பழைய வார்ப்பு அலுமினியத்துக்குள்ள எண்ணெயும் அழுக்கும் ஊறியிருக்கும், எல்லா வெல்டருக்கும் அது பிடிபடாது. சில நேரம் அந்தப் பகுதியை மாத்துறதே மலிவு.

எல்லாம் முடிய ஒரு மல்டிமீற்றரை எடுத்து, அனோட்டுக்கும் ஜெட் உடம்புக்கும் இடையில் தடையை அளவுங்கோ. ஒரு ஓமுக்கு நல்லாக் கீழ இருக்கவேணும். மேல பூசின பெயின்ட் எவ்வளவு வடிவாய் இருந்தாலும் இந்த எண் சரியில்லாட்டி அந்தத் திருத்தம் திருத்தம் இல்லை. அரிபட்ட காரணத்தைத் தேடாமல் குழியை மட்டும் நிரப்பினால் அடுத்த கோடையில் பக்கத்தில் இன்னொரு குழி வரும்.

ஏன் இதைப் பெரிசாய் எடுக்கிறன்

கடல் பக்கத்து அரிப்புக்கு எங்கட ஆக்களிட்ட மரியாதை இருக்கு. யாழ்ப்பாணத்துக் கரையில் தொழில் செய்யிற ஆக்களுக்கு எஞ்சினை நல்லதண்ணியால் கழுவ ஒருத்தரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் உப்புக்காற்றோட நூறு வருசத்துக்கு மேல் மல்லுக்கட்டினது. தலைமுறை தலைமுறையாய் அதுக்குப் பெயின்ட் அடிச்சார்கள், தகடு மாத்தினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிப்பாட்டினார்கள், 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப்பாலம் திறந்தார்கள். காரைக்குடியில் இந்தியாவின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே இருக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்தார், 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தது. அரிப்பு அங்க ஆராய்ச்சித் துறை. சுதந்திரம் கிடைச்சு ஒரு வருசம் ஆகாத நாடு, இது முக்கியம் என்று நினைச்சது.

நன்னீருக்கு அந்த மரியாதை இல்லை. கண்ணுக்குத் தெரியாத, மெதுவாய் நடக்கிற சேதத்துக்கு பட்ஜெட் போட ஆளில்லை. கொன்ட்ராக்ட் வேலையில் நான் பார்த்த பராமரிப்பு மென்பொருள்களிலும் இதே கதைதான். புக்கிங்குக்கு இருபது திரை இருக்கும், பராமரிப்புக்கு "குறிப்பு" என்று ஒரு வெற்றுப் பெட்டி. அதுக்குள்ள யாரும் ஒன்றும் எழுதமாட்டார்கள்.

நான் கேட்கிறது பெரிய விசயம் இல்லை. படகுத்துறை ஒப்பந்தத்தில் காப்புறுதி கேட்கிற மாதிரி, கரை மின்சாரம் எடுக்கிற ஒவ்வொரு உலோகப் போட்டுக்கும் ஐசோலேற்றரையும் முழுசான எர்த்தையும் கட்டாயமாய்க் கேட்கட்டும். வருசத்துக்கு ஒருக்கா ஒரு மின்தொழிலாளி எல்லா பிளக்கையும் சோதிச்சுத் திகதி ஒட்டட்டும். வாடகை போட் ஆப்களில் பெற்றோல் எவ்வளவு இருக்கு என்று காட்டுற இடத்தில், கடைசியாய் எப்ப அனோட் மாத்தினது, எப்ப எர்த் சோதிச்சது என்றும் காட்டட்டும். இரண்டு திகதி, டேற்றாபேஸில் இரண்டு நிரல், அவ்வளவுதான். "செலவு கூடும்" என்பார்கள். கூடும்தான். ஆனால் அந்தச் செலவு இப்பவும் இருக்கு. அதை ஐசோலேற்றர் போடாதவர் பக்கத்துப் போட்டுக்காரரின் தலையில் கட்டுறார், வயர் வெட்டினவர் தண்ணியில் குளிக்கிற பிள்ளையின் தலையில் கட்டுறார்.

போட் வாங்கப் போறவர்களுக்கு மூன்று கேள்வி: அனோட் என்ன உலோகம்? கடைசியாய் எப்ப மாத்தினது? எர்த் வயரைக் கண்ணால் காட்டுவீங்களோ? மூன்றாவது கேள்விக்கு விக்கிறவர் சிரிச்சால், காசைப் பையிலேயே வச்சுக்கொண்டு வாங்கோ.

போட்டே வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அம்மா அப்பா வீடு வாங்கியிருந்தால், நிலவறையில் ஒரு சுடுதண்ணித் தாங்கி நிற்கும். எனாமல் பூசின தாங்கி என்றால் உள்ளே பெரும்பாலும் ஒரு மக்னீசியத் தடி இருக்கும், இதே பலி அனோட். அது கரைஞ்சு முடிஞ்சால் தாங்கி கரையத் தொடங்கும். அதை இரண்டு வருசத்துக்கு ஒருக்காவாவது பார்க்கவேணும். வீடு வாங்கின நாளில் இருந்து அதை யாரும் திறந்து பார்க்காத வீடுகள் எங்கட ஆக்களிட்ட நிறைய இருக்கும். வாற சனிக்கிழமை சாப்பிடப் போகேக்க, சாப்பாட்டுக்கு முதல் கீழ இறங்கி தாங்கியில் ஒட்டியிருக்கிற சேர்விஸ் திகதியை ஒருக்காப் பாருங்கோ.

அடுத்த எபிசோடில் சந்திப்பம்.